சிவப்பு நூல் கட்டிய கம்பி

எங்கள் ஈஜோக் தோட்டத்துப் பக்கம் இன்றைக்கும் இரண்டொரு கிழங்கள் உயிரோடு இருக்கின்றன. சந்தையில் என்னைக் கண்டால், "அரிசிக்குப் பூட்டுப் போட்டானே பைப்புக்காரன், அவன் பொண்டாட்டி போறா பாரு" என்று காதில் விழும்படியே சொல்லும். சொல்லட்டும். நரம்பில்லாத நாக்கு எந்தப் பக்கமும் வளையும். ஆனால் லியோனார்ட் யார், என்ன செய்தார், அவரை யார் யார் கழுத்தறுத்தார்கள் என்பதை அவரோடு குடும்பம் நடத்திய நான் சொல்லாமல் வேறு எவள் சொல்வாள்?

லியோனார்ட் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பா கோயில் மணி அடித்து, ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்லிக் கொடுத்தவர். மகனைப் பாதிரியாராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். மகனோ ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும் வேலைக்குப் போய்விட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சாமான் எதுவும் வராது. உடைந்த குழாய்களையெல்லாம் பொறுக்கி வந்து, வெட்டி, மரை போட்டு, ஆலையை ஓட வைத்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது ஆலைக் குழாய்களில் பாதி இவர் கைவேலையாக இருந்தது. இவரையே ஃபிட்டராக வைத்துக்கொண்டார்கள்.

படம் வரைய அவருக்கு வராது. அவர் வழியே வேறு. குழாய் எங்கிருந்து எங்கே போக வேண்டுமோ அந்த வழியை மூன்று தடவை நடப்பார். நான்காவது தடவை கையில் ஒரு தடித்த கம்பி இருக்கும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, நடந்துகொண்டே கம்பியை வளைப்பார். ஏற்றம், இறக்கம், திருப்பம், வால்வு உட்காரும் இடம், தூண் நிற்கும் இடம் எல்லாம் அந்தக் கம்பியில் வந்துவிடும். எங்கே ஆபத்து உண்டோ அங்கே சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார். நூல் இல்லாத இடத்தில் பயமில்லை. இப்படிப் பதினேழு கம்பிகள் என் அடுப்படிச் சுவரில் தொங்கின. கல்யாணமான புதிதில், "சாமி படம் மாட்டுற இடத்துல என்னங்க இந்தக் கண்றாவி?" என்று சண்டை போட்டிருக்கிறேன்.

"ஸ்டீம் போற பைப்புல தண்ணி தேங்கினா எமன் உக்காந்த மாதிரி" என்பார். நீராவி குளிர்ந்தால் தண்ணீராகும். குழாய் சரிவாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஓடி வடிந்துவிடும். எங்காவது தொய்ந்து கிடந்தால் அங்கேயே நிற்கும். மறுநாள் காலையில் ஸ்டீமைத் திறந்ததும், நின்ற தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வளைவில் சம்மட்டியால் அடித்த மாதிரி அடிக்கும். இரும்பு பிளந்துபோகும். அதனால் அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஸ்டீம் திறக்கும்போது, இரண்டு குழாய் சேரும் மூட்டைப் பொருத்தியவன் அந்த மூட்டின் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "நிக்கப் பயமா? அப்ப நீ சரியா மாட்டல" என்பார்.

அவரோடு பதினொரு வருஷம் வேலை செய்தவன் இருசப்பன். மறுமுனையைத் தூக்கிப் பிடிக்க அவன் இல்லாமல் இவர் ஒரு குழாயைக்கூடத் தொட மாட்டார். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும், தீபாவளி முறுக்கு இங்கே வரும். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். ஒரே டிபன் கேரியரில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். பெரிய துண்டுக் கருவாட்டை இவர் அவன் பக்கம் தள்ளுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவாட்டை வறுத்தவள் நான்.

மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளையெல்லாம் முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கேட்டில் காவல், போகும்போதும் வரும்போதும் சோதனை. ஐம்பத்தாறாம் வருஷம் ஆலையைப் பார்த்துக்கொண்ட சின்ன துரை இவரைக் கூப்பிட்டு, பாய்லரிலிருந்து வேலியோரம் கட்டியிருக்கும் புதுக் கொட்டகைவரை முந்நூறடிக்கு ஸ்டீம் லைன் இழுக்கச் சொன்னார்.

"என்னத்துக்குங்க தொரே?"

"புள்ளைங்களுக்கு, புள்ளத்தாச்சிங்களுக்கு மத்தியானம் சூடா சோறு. பெரிய அண்டா வருது. நீ நல்லா செய், லியோனார்ட்."

இவர் தோளில் கை வேறு வைத்தாராம். அன்று வீட்டுக்கு வந்தவருக்குத் தரையில் கால் பாவவில்லை. லயம் லயமாகப் போய், "இனிமே புள்ளைங்க மத்தியானம் காஞ்சு கெடக்காதுலா, சுடச்சுட சோறு" என்று சொல்லிவிட்டு வந்தார். என் மகள் மவுரீனுக்கு அப்போது எட்டு வயது. என்ன கறி போடுவார்கள் என்று கேட்டு அவர் உயிரை எடுத்தாள்.

லைன் ஒன்பது தூண்களின்மேல் போயிற்று. எங்கள் பக்கத்து மண் கறுத்த மக்கு மண். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பஞ்சு. அதிலும் நாலாவது தூண் நின்ற இடம் ஒரு பழைய வாய்க்காலை மூடிய இடம். தோண்டும்போது அது இவருக்குத் தெரிந்துபோனது. இடத்தை மாற்ற முடியாது, இந்தப் பக்கம் லோரிப் பாதை, அந்தப் பக்கம் குட்டை. ஊன்றிவிட்டு, மாதம் ஒருமுறை தூணின் தலையில் ஓர் ஆப்பு அடித்துக் குழாயை நிமிர்த்தி வந்தார். கம்பியில் நாலாவது தூணுக்கு நேராகச் சிவப்பு நூல் கட்டினார். அந்த வாரம் இருசப்பன், இருமலில் கிடந்த அவன் அப்பா வீரனை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாய்க்கால் அவனுக்குத் தெரியாது. பிறகும் ஆப்பு அடிப்பதை இவர் விடியும் முன்னே தனியாக முடித்துவிடுவார்.

ஸ்டீம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் பட்டாளமும் போலீசும் வந்து எல்லா லயத்திலும் நுழைந்தார்கள். பானை, தகரம், தலையணை உறைவரை தட்டிப் பார்த்து, வீட்டிலிருந்த அரிசி முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இனி எந்த வீட்டிலும் ஒரு மணி அரிசிகூட இருக்கக் கூடாது, இருந்தால் ஜெயில். வெந்த சோறு மட்டும்தான், அதையும் கொட்டகை வரிசையில் நின்று வாங்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாதாம். வெந்த சோறு மறுநாளே ஊசிப்போகும் இல்லையா, அதுதான் யோசனை. அந்தச் சோற்றை வேகவைத்தது என் புருஷன் இழுத்த லைன்.

சின்ன துரையிடம் ஓடினார். "எனக்கும் இப்பத்தான் தெரியும், லியோனார்ட்" என்றாராம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. பொய்! கொட்டகை கட்டியவனுக்கா தெரியாது? ஆலையில் அத்தனை அழுத்தத்தைத் தாங்கிய மனுஷன், அன்று வாசற்படியில் உட்கார்ந்து, "புள்ளைங்கன்னு சொல்லி என்னை ஏமாத்திட்டான் இசபெல்" என்று தேம்பினார்.

ஊர் விடுமா? "தெரிஞ்சேதான் செஞ்சான், துரை கையாளு" என்றார்கள். என் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள் வேலம்மா. தைப்பொங்கல் வந்தபோது பொங்க அரிசி இல்லை. பால்மாவைக் கரைத்துப் பானையில் ஊற்றிப் பொங்க வைத்து, அதைப் பார்த்துப் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். முடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு வேறு. அப்போதெல்லாம் எங்களுக்காகப் பேசிய ஒரே ஆள் இருசப்பன். "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அவரைச் சொன்னா என்னையும் சேத்துச் சொல்லுங்க" என்று லயத்து நடுவில் நின்று கத்தினான். அதை நான் மறைக்க மாட்டேன். அன்று அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

மாசி மாதம் அவன் அப்பா வீரன் இறந்துபோனார். இருசப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"அண்ணே, நாப்பது வருசம் இந்தத் தோட்டத்துல ஒழைச்ச மனுசன். வாய்க்கரிசி இல்லாம எப்படிண்ணே குழியில வைப்பேன்?"

செத்தவர் வாயில் போடக்கூட ஒரு பிடி அரிசி இல்லாத ஊராக ஆகியிருந்தது எங்கள் ஊர். சோற்றைப் போட்டு அனுப்பு என்றாராம் தோட்ட ஆபீஸ் கிராணி. சோற்றையா வாயில் போடுவார்கள்?

"நம்மளுக்கு அந்த வழக்கமே கெடையாது. ஊர்ச் சனம் நம்மள நாயா நெனைக்குது. இதுக்காக ஜெயிலுக்குப் போகணுமாங்க?" என்று நான் அவரை உள்ளே இழுத்துக் கேட்டேன்.

"எனக்காகப் பேசின ஒருத்தன் அவன்தான்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கொட்டகையில்தான் அரிசி மூட்டைகள் இருந்தன. வால்வு பார்க்க இவர் தினமும் உள்ளே போவார், வெளியே வரும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். அன்று சாண் நீளத்துக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துப் போனார். ஒரு முனைக்கு மூடி போட்டு, ஒரு பிடி அரிசியைக் கொட்டி, மறுமுனைக்கும் மூடி போட்டு முறுக்கிவிட்டார். மற்ற இரும்புகளோடு அதுவும் பையில் வந்தது. காவல்காரன் தினமும் பார்க்கிற இரும்புதான். துண்டை இருசப்பன் கையில் கொடுத்து, "அரிசிய எடுத்துட்டு பைப்ப எங்கிட்டயே குடுத்துடு" என்றார். விஷயம் அறிந்தவர்கள் மூன்று பேர். அவர், இருசப்பன், நான்.

வீரன் வாயில் அரிசி விழுந்தது. உறவுக்காரர்கள் ஆளுக்கு நாலு மணி போட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அழுதார்கள். வேலம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சரி, ஊர் திரும்பி வருகிறது என்று எண்ணினேன்.

நாலாம் நாள் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டில் மேசைமேல் அந்தக் குழாய்த் துண்டு இருந்தது, இரண்டு மூடிகளோடு. அதைப் பார்த்ததும் என் புருஷன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருத்தி நான். ஐயோ, பன்னிரண்டு வருஷம் ஆக்கிப் போட்டவளைப் பார்த்து அப்படி ஒரு பார்வை! பிறகு சாட்சிக் கூண்டில் இருசப்பன் ஏறினான். வாய்க்கரிசிப் பேச்சு போலீஸ் காதுக்குப் போய், அவன் வீட்டைச் சோதித்து, இவரிடம் திருப்பிக் கொடுக்காமல் கட்டிலடியில் வைத்திருந்த துண்டைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கொடுத்தது யார் என்று சொன்னால் உன்னை விட்டுவிடுகிறோம் என்றிருக்கிறார்கள். சொல்லிவிட்டான். தான்தான் கேட்டு வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இவருக்கு ஒரு வருஷம். அவனுக்கு இவர் பார்த்த ஃபிட்டர் வேலை.

இரண்டு மாதம் கழித்து, வெட்கமில்லாமல் என் வாசலுக்கு வந்தான்.

"அண்ணி, லைன்ல லேசா தட்டுற சத்தம் கேக்குது. அண்ணனோட கம்பி இருந்தா..."

"த்தூ! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவனே! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தே?"

"எனக்கு நாலு புள்ளைங்க அண்ணி. ரெண்டு பேருல ஒருத்தர் உள்ள போகணும்னு சொன்னாங்க."

"எங்களுக்கு ஒண்ணுதான், அதனால அவரு போகலாம், இல்ல?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அந்த மாதம் கோலாலம்பூர் ஜெயிலுக்குப் போனபோது, இந்தக் கூத்தைப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தட்டுதா? நாலாவது தூணு எறங்கியிருக்கு. கம்பியைக் குடுத்துடு இசபெல். நூல் கட்டின எடத்துல ஆப்பு அடிக்கச் சொல்லு. மறந்துடாதே."

"உங்களுக்கு ரோஷமே இல்லையா?"

"பைப்பு எனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? அதுக்குப் பக்கத்துல புள்ளைங்க தட்டோட நிக்குதுங்க. சொல்லுவேல்ல?"

"சொல்றேன்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அதே யோசனைதான். காட்டிக்கொடுத்தவனுக்கு வேலையும் கிடைத்து, அந்த வேலைக்கு மூளையும் இங்கிருந்தே போக வேண்டுமா? சுவரிலிருந்து அந்தக் கம்பியை எடுத்தேன். நாலாவது தூணில் சிவப்பு நூல் இறுக்கமாக இருந்தது. அரிவாள்மணையில் வைத்து அறுத்தேன். நூலை அடுப்பில் போட்டேன். இருசப்பனைக் கூப்பிட்டுக் கம்பியை அவன் கையில் கொடுத்தேன்.

"அண்ணன் வேற ஏதாச்சும் சொன்னாராண்ணி?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாம் கம்பியில இருக்காம்."

அவன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கேயும் நூல் இல்லை. அவன் முகம் தெளிந்துவிட்டது. பதினொரு வருஷம் அப்படித்தானே பழகியிருந்தான்.

அதன்பிறகு ஒன்பது நாள். தினமும் காலையில் லைன் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நாளுக்கு நாள் கூடியது. மவுரீனைச் சோற்று வரிசைக்கு அனுப்புவதை நிறுத்தினேன். நானே போய்க் கடைசியில், தள்ளி நின்று வாங்கி வந்தேன். மற்றவர்கள் பிள்ளைகள் குழாயை ஒட்டித்தானே நின்றன என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்க வேண்டியதுதான்.

பத்தாம் நாள் காலை ஸ்டீம் திறந்தபோது வளைவு பிளந்தது. அந்த நேரத்தில் வரிசை இல்லை, ஆண்டவர் புண்ணியம். இருசப்பன் மட்டும் அங்கே நின்றான். அவன் பொருத்திய மூட்டு அது, அதனால் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், என் புருஷன் சொல்லிக்கொடுத்தபடியே. வலது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. அவன் போட்ட சத்தம் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கூடையைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் ஓடினேன்.

நாடு சுதந்திரம் வாங்கியபோது லியோனார்ட் உள்ளே இருந்தார். மறுவருஷம்தான் வெளியே வந்தார். வளைவு வெடித்த கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வந்த அன்றே என்னைக் கேட்டார்.

"நூல் விஷயம் சொன்னியா?"

"சொன்னேங்க."

அன்று சாயங்காலம் இருசப்பன் வந்தான். இவருக்கு முன்னால் உட்காரவில்லை. வெந்து சுருங்கிய கையில் அந்தக் கம்பியை வைத்திருந்தான். அதை நீட்டினான். நாலாவது தூண் இருக்கும் இடத்தில் புது சிவப்பு நூல் கட்டியிருந்தது. துருப்பிடித்த கம்பியில் பழைய நூல் இருந்த இடம் மட்டும் பளபளப்பாக இருந்திருக்கும். அதைப் பிறகு பார்த்து, நான் அறுத்ததைத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

லியோனார்ட் நூலைத் தடவினார். "இது கட்டியிருந்துமா பாக்கல? இசபெல் வாயாலயும் சொன்னாளே?"

இருசப்பன் என்னைப் பார்த்தான்.

"சொன்னாங்கண்ணே. நாந்தான் கவனிக்கல" என்றான்.

அவன் போனதும் லியோனார்ட் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கோர்ட்டுல அந்தத் துண்டப் பாத்தப்ப, ஒரு நிமிசம் உன்னச் சந்தேகப்பட்டுட்டேன் இசபெல். உள்ள இருந்த நாள் பூரா அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என்னை மன்னிச்சிடு" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். கம்பியை எடுத்துப்போய், பழைய ஆணியிலேயே மாட்டினேன்.